பதினாலு புள்ளி ஏழு பவுண்டு

உன் பதிலைத் தவறு என்று அடித்தார்கள். அது தவறில்லை. அந்த ஒரு பதிலைக் காரணம் காட்டி உன்னைப் பாய்லரிலிருந்து இறக்கி நிலக்கரிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். வேலையை விட்டு நிற்கும்வரை நீ அங்கேயே கரி வாரினாய். வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். நேற்றுக் காலை கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். ரப்பர் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் காற்றழுத்தம் பார்க்கிற கேஜை டயரில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, சுத்தமா காத்தே இல்ல. ஜீரோ."

"ஜீரோ இல்லப்பா. பதினாலு புள்ளி ஏழு பவுண்டு கீது."

"டயரு அப்பளமா கெடக்குது. பதினாலு எங்கேந்து வந்துச்சி?"

"வெளியில எவ்ளோ கீதோ, உள்ளயும் அவ்ளோ கீது. அதான் முள்ளு ஆடல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப அந்தப் பதினாலோடயே ஊட்டுக்கு ஓட்டிக்கினு போ, பாக்கலாம்" என்றார்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. அதே பேச்சைப் பல வருஷத்துக்கு முன்னால் வேறு ஒருவரிடம் நீ பேசியது ஞாபகம் வந்துவிட்டது. அன்று உன் பக்கத்தில் நின்றிருந்த நான் ஒன்றும் பேசவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் தலைதூக்கிக்கொண்டிருந்த காலம் அது. சாயத்துக்கு வேண்டிய ரசாயனம் செய்கிற ஒரு தொழிற்சாலையின் பாய்லர் வீட்டில் இரண்டு பேரும் நெருப்புப் போடுகிறவர்களாகச் சேர்ந்தோம். நீ பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற வீட்டிலிருந்து வந்தவன், எட்டாவது வரை படித்தவன். நான் ஆரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட வீட்டிலிருந்து வந்தவன், ஆறாவதோடு நின்றவன். எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட், உனக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். நான் போகும்போது நீ வருவாய். நாம் சேர்ந்து இருந்ததெல்லாம் அந்த ஷிப்ட் மாறுகிற கால் மணி நேரம்தான்.

அந்தப் புத்தகத்தை நீதான் சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தாய். தமிழில் எழுதிய கல்லூரிப் பௌதிகப் பாடம். அட்டை இல்லை. கடைசியில் விடைகள் இருந்த பக்கங்களும் இல்லை. கடலை மடிக்கப் போயிருக்க வேண்டும். விடை இல்லாத கணக்குப் புத்தகத்தை எந்த மடையன் வாங்குவான் என்று நான் திட்டினேன்.

"நல்லதாப் போச்சு நைனா" என்றாய். "விடை தெரிஞ்சிக்கினா நாம கணக்குப் போட மாட்டோம். விடையத்தான் போடுவோம்."

பாய்லர் வீட்டில் கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பலகை ஒன்று தொங்கும். மணிக்கு ஒரு முறை பிரஷர், தண்ணீர்ச் சூடு எல்லாவற்றையும் அதில் சாக்பீஸால் எழுத வேண்டும். ஷிப்ட் மாறும்போது முன்பக்கத்தைத் துடைத்துவிடுவார்கள். பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் நம் பள்ளிக்கூடம். நான் ஒரு படி எழுதிவிட்டுப் போவேன், நீ அடுத்த படியை எழுதுவாய். மறுநாள் காலை வந்ததும் நெருப்பைப் பார்ப்பதற்கு முன்னால் பலகையைத் திருப்பிப் பார்ப்பேன்.

காற்று மண்டலத்தைப் பற்றிய பாடத்தில் முதல் கணக்கு, பூமியைச் சுற்றியிருக்கும் காற்று முழுவதன் எடை எவ்வளவு என்பது. கடல்மட்டத்தில் ஒரு சதுர அங்குலத்தின்மேல் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிந்தால் போதும். அதைப் பூமியின் பரப்பால் பெருக்கிவிடலாம். புத்தகம் அந்த அழுத்தத்தைச் சொல்லவில்லை. வழக்கமான அழுத்தம் என்று மட்டும் சொல்லியிருந்தது. நமக்கென்ன, கேஜ் இருக்கிறதே என்று நினைத்தோம். வருஷாந்தரச் சுத்தத்துக்குப் பாய்லரை அணைத்துத் திறந்து போட்டிருந்தார்கள். உள்ளே வெறும் காற்று. கேஜைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம். பூமியின் காற்றுக்கு எடையே இல்லை என்று பலகையில் எழுதிவிட்டு நிம்மதியாக ரயில் ஏறினேன். பாய்லர்க்காரனைத் தவிர வேறு எவனும் இப்படித் தப்புச் செய்ய மாட்டான்.

மறுநாள் என் விடைக்குக் கீழே நீ ஒரே வரி எழுதியிருந்தாய். "எடையே இல்லாத காத்து எங்க மாமன் பாய்மரத்த எப்படித் தள்ளிக்கினு போவுது?"

எனக்குக் கோபம் வந்தது. கேஜ் பொய் சொல்லாது என்றேன். நீ விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு வாரம் அந்தப் பலகையில் கணக்கே இல்லை, சண்டைதான் இருந்தது.

சண்டையைத் தீர்த்தது ஒரு எண்ணெய் டிரம். நீராவி விட்டுக் கழுவிய டிரம் ஒன்றை நீ மறந்துபோய் ஆவி இருக்கும்போதே மூடியை இறுக்கிவிட்டாய். நான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டிரம் ஆறிக்கொண்டே வந்தது. திடீரென்று யாரோ ஓங்கி மிதித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் யாருமில்லை. டிரம்மின் வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஃபோர்மேன் ஓடி வந்தார்.

"யார்ரா இத்த ஒதச்சது?"

"காத்து சார்" என்றாய்.

"எந்தக் காத்து? உன் வாயில கீற காத்தா?"

அவர் திட்டிவிட்டுப் போனபிறகும் நாம் அந்த டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தோம். உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிட்டது, உள்ளே ஒன்றுமில்லை. வெளியே இருந்த காற்று நசுக்கிவிட்டது. அப்படியானால் வெளியே எப்போதும் ஏதோ அழுத்திக்கொண்டே இருக்கிறது. கேஜின் பூஜ்யம் ஒன்றுமில்லாத பூஜ்யம் அல்ல, உள்ளும் வெளியும் சரிக்குச் சரி என்கிற பூஜ்யம். இன்னொரு பாடத்தில் பாதரசக் குழாயைப் பற்றி இருந்ததைத் தேடிப் பிடித்தோம். சதுர அங்குலத்துக்குப் பதினாலு புள்ளி ஏழு பவுண்டு வந்தது. பூமியின் காற்று முழுவதும் ஐந்துக்குப் பின்னால் பதினைந்து சைபர் போட்ட டன். பலகையின் அகலம் போதவில்லை. கடைசி மூன்று சைபரைச் சுவரில் போட்டாய்.

அடுத்தது சூட்டுக் கணக்கு. சூரியன் அனுப்புகிற வெயிலைப் பூமி வாங்குகிறது, வாங்கிய அளவை வெளியே விட்டுவிடுகிறது. அப்படியானால் பூமியின் சூடு எவ்வளவு? வாங்குகிற பரப்பு வேறு, விடுகிற பரப்பு வேறு என்று புத்தகம் சொன்னது எனக்கு ஏறவே இல்லை. நீ தண்ணீர்த் தொட்டியின் பழைய செப்பு மிதவைப் பந்தை எடுத்துவந்து, தாழ்வாரத்தில் சாய்ந்து விழுந்த வெயிலுக்கு நேராகத் தகரம் ஒன்றை நிறுத்தி, அதன்மேல் பந்தின் நிழலைப் பிடித்தாய். நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டாய். "பந்து பூரா ஒடம்பாலயும் சூட்ட விடுது. ஆனா வாங்குறது இந்த வட்டத்துக்குள்ள வர வெயிலத்தான்." பந்தின் பரப்பில் அந்த வட்டம் நாலில் ஒரு பங்கு. எனக்கு அன்று வட்டமும் உருண்டையும் புதிதாகப் புரிந்தன.

மேகமும் பனியும் திருப்பி அனுப்புகிற வெயிலைக் கழித்து, இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, ஒரு விடை வந்தது. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நாள் அது.

"இன்னா வந்துது?"

"எரநூத்தி அம்பத்தஞ்சு" என்றேன். "நம்ம ஆவியவுட ஜாஸ்தி."

"அது கெல்வின்பா. எரநூத்தி எழுபத்தி மூணக் கழி."

கழித்தேன். மைனஸ் பதினெட்டு. பாய்லர் வீட்டின் வாசலுக்கு வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

"வெளிய போயி நில்லு நைனா. குளுருதான்னு பாத்துச் சொல்லு" என்றாய்.

மூன்று வாரம் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். நான் போடுகிற கணக்கு தப்பாக இருக்காது என்கிற பிடிவாதம் ஒரு பக்கம், இந்த விடை சரியாக இருக்க முடியாது என்கிற பிடிவாதம் இன்னொரு பக்கம். ஒவ்வொரு முறையும் அதே மைனஸ் பதினெட்டு. ஒருநாள் நீ வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நீராவிக் குழாயின்மேல் வைத்தாய். லேகிங் சுற்றிய குழாய். சூடு வெளியே போகாமல் இருக்கக் கயிறும் பூச்சுமாகச் சுற்றியிருப்பார்களே, அதுதான்.

"சுடுதா?"

"வெதுவெதுன்னு கீது."

"வெளிய நின்னு தொடுறவன் நாப்பது டிகிரின்னுவான். உள்ள கீற ஆவிய கேட்டா?"

"நூத்தி எண்பது."

"கணக்கு தப்பே இல்ல. அது வெளிய நின்னு தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுது. நாம உள்ள கீறோம். காத்துதான் நமக்கு லேகிங்."

அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகம் வாங்கிப் படித்துவிட்டேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதோடு விட்டாயா? வெள்ளிக் கிரகத்துக்குப் போனாய். சூரியனுக்கு நம்மைவிடக் கிட்டே இருக்கிற கிரகம். ஆனால் அதன் வெள்ளை மேகம் விழுகிற வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கணக்கில் அது பூமியைவிடக் குளிராக வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு அதிகக் குளிரா என்று கேட்டேன். அதன் காற்று எவ்வளவு கனம் என்று தெரியாமல் சொல்ல முடியாது என்றாய். கொஞ்ச நாளில் ஒரு விண்கலம் அங்கே இறங்கிய செய்தி பேப்பரில் வந்தது. ஈயம் உருகுகிற சூடு. நம் காற்றைப்போலத் தொண்ணூறு மடங்கு அழுத்தம். அன்று உனக்கு வார விடுமுறை. அந்தப் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பழவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து நின்றாய். நாஷ்டா கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. "தொண்ணூறு கோட்டு லேகிங் நைனா" என்றாய்.

பெரிய பாய்லர் ஒன்று வந்தபோது, அதைப் பொறுப்பில் வைத்துப் பார்க்கிற சார்ஜ்மேன் வேலைக்கு ஒருவரை எடுக்க வேண்டியிருந்தது. என்ஜினியர் ஒரு பரீட்சை வைத்தார். கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து ஆறு பேர் எழுதினோம். மூன்றாவது கேள்வி: பாய்லர் திறந்திருக்கிறது, கேஜ் பூஜ்யம் காட்டுகிறது, உள்ளே பிரஷர் எவ்வளவு?

நீ குனிந்து மூன்று வரி எழுதியதைப் பார்த்தேன். எனக்கும் அந்த விடை தெரியும். ஆனால் எனக்கு என்ஜினியரையும் தெரியும். "முள் பூஜ்யத்துக்கு வந்துட்டா பிரஷர் இல்லை. இதுகூடத் தெரியாதவனை பாய்லர்கிட்ட விடக்கூடாது" என்று ஒரு வாரத்துக்கு முன்னால் அவர் ஃபோர்மேனிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன். நான் "இல்லை" என்று எழுதினேன்.

மறுநாள் எல்லோரையும் நிற்கவைத்து உன் தாளைப் படித்துக் காட்டினார். "திறந்து கிடக்கிற பாய்லர்ல பதினாலு பவுண்டு இருக்குதாம். இவனை நம்பி ஆளை உள்ளே இறக்க முடியுமா?"

"வெளியிலயும் அதே பதினாலு கீது சார்" என்றாய் மெதுவாக. "ரெண்டும் சரிக்குச் சரி. அதனாலதான் ஆளு உள்ள எறங்க முடியுது."

"எனக்கே பாடம் நடத்தறியா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்வது சரி சார், நானும் அவனும் சேர்ந்துதான் கணக்குப் போட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாத விஷயமும் இல்லை. படித்தவர்தானே, ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அவருக்கே தோன்றியிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சார்ஜ்மேன் வேலை. உனக்குக் கரிக் கிடங்கு, பாய்லர் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்கிற உத்தரவோடு.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். "நீ இன்னா எழுதுன?" என்று கேட்டாய்.

"இல்லைன்னு."

தண்ணீரை நிறுத்தாமல் ரொம்ப நேரம் முகத்தைக் கழுவினாய். பிறகு, "செவ்வாய் கெரகம் பாதியில நிக்குது. நாளைக்கு நீயே போட்டுக்கோ" என்றாய்.

நான் போடவில்லை. போட்டது நீதான். கரி வண்டியோடு பாய்லருக்கு வருகிற எடைச் சீட்டின் பின்பக்கத்தில் செவ்வாயின் முதல் படி இருந்தது. உன் கறுத்த விரல் ரேகை பதிந்திருந்த அதை எடுத்துப் பார்த்தேன். அடுத்த படியை எழுதிக் காலி வண்டியில் திருப்பி அனுப்பினேன். அப்படியே பல வருஷம் நடந்தது. கையெழுத்து எனக்குத் தெரியும், ஆளைப் பார்ப்பது கேட்டில்தான். பின்னால் ஒருநாள் பழைய காகிதங்களை நெருப்பில் போடச் சொன்னார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். உன் விடைத்தாள் இருந்தது. மூன்று வரியும் சுத்தமான விடை, அதன்மேல் பெருக்கல் குறி. அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உன் சாவுக்கு வந்திருந்தேன். உன் மனைவி என்னைப் பார்த்ததும் சுற்றியிருந்தவர்களிடம் சொன்னாள்: "அவுருக்காவ அன்னிக்குக் கம்பெனில பேசுனது இந்த அண்ணன் ஒருத்தருதான். சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு." பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தேன். அப்படி அவளிடம் சொல்லி வைத்தது நீதான். எதற்காகச் சொன்னாய் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் உன் வீட்டுக்கு வந்துபோக வேண்டும் என்பதற்காகவா? அல்லது வாயைத் திறந்திருக்க வேண்டியவன் திறந்ததாகவே உனக்குள் ஒரு கணக்கைத் திருத்திக்கொண்டாயா? இந்தக் கணக்குக்கும் விடைப் பக்கம் இல்லை.

வேலையை விட்டபிறகு பாரிமுனையில் பழைய கப்பல் சாமான் கடையில் காற்றழுத்தமானி ஒன்று வாங்கினேன் இல்லையா? தினமும் எழுதி வைக்கிறேன். காலை பத்து மணிக்கு முள் ஏறியிருக்கிறது, மாலை நாலு மணிக்கு இறங்கிவிடுகிறது, இரவு படுக்கப் போகும்போது மறுபடி ஏறியிருக்கிறது. புயலும் இல்லை மழையும் இல்லை, நல்ல நாளிலேயே இப்படி. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் நோட்டைக் காட்டியபோது இருமலை அடக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினாய். "கருவி கெடல. தெனம் அதே நேரத்துக்கு எப்பிடிக் கெட்டுப்போவும்?" என்றாய். கொஞ்சம் கழித்து, "சூரியன் ஒரு தபாதான வருது? இது எதுக்கு ரெண்டு தபா ஏறுது?" என்று கேட்டாய். எனக்கு இன்னும் தெரியவில்லை. முழுக் காற்றும் ஒரு நாளைக்கு இரண்டு முறை அசைகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்த சொத்து அந்தக் கேள்விதான்.

இனி செய்ய வேண்டியது இருக்கிறது.

அந்த என்ஜினியர் உயிரோடுதான் இருக்கிறார், சென்னையில் மகள் வீட்டில். மூன்றாவது கேள்விக்கு உன் விடைதான் சரி என்று அவர் தன் கையால் எழுதித் தர வேண்டும். தாளை நானே கொண்டுபோகிறேன். கண் தெரியவில்லை என்றால் படித்துக் காட்டுகிறேன், காது கேட்கவில்லை என்றால் பெரிதாக எழுதிக் காட்டுகிறேன். வயசாகிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க விடமாட்டேன், எனக்கும்தான் வயசாகிவிட்டது.

நம் தொழிற்சாலையைப் பின்னால் வாங்கியவர்கள் பழைய பதிவேடுகளையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள். உன் பணிச் சான்றிதழில் கரி அள்ளுகிறவன் என்று மட்டும் இருக்கிறது. நீ பாய்லரில் நின்ற வருஷங்களையும் அவர்கள் அதில் சேர்க்க வேண்டும். கிடங்குக்கு மாற்றியதை எதிர்த்து நீ தொழிற்சங்கத்தில் மனு கொடுத்தபோது, ஒரு மார்க்குக்கா சண்டை என்று திருப்பிக் கொடுத்த சங்கச் செயலாளர், ஓய்வுபெற்றவர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று அது ஒரு மார்க் விஷயம் இல்லை என்று சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கேஜைக் காட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு பாய்லர்க்காரரும், பூஜ்யம் என்றால் எதற்குச் சமம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். உன் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கும் சரியான விடை தெரியும், தெரிந்தேதான் மாற்றி எழுதினேன், அன்று உனக்காக நான் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் செய்யாமல் போனாலும் போகலாம். இதைச் செய்ய வேண்டியவன் நான்.